வண்ணத்துப்பூச்சித் தோட்டத் தொகுப்பு: பூக்கள் நிறைய, புழுவுக்கு இலை இல்லை

வீட்டு மாடியிலோ முற்றத்திலோ வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்க விரும்புவோருக்கென்று, செடிகளும் விதைகளும் சில துணைப்பொருள்களும் அடங்கிய ஆயத்தத் தொகுப்புகள் இப்போது இணையத்தில் பரவலாக விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மழைக்காலத்திலும் அதையடுத்த கோடையிலும் வளர்த்துப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே செடிகளையும் இதே வகை வழிகாட்டித் தாளையும் வைத்துப் பலர் விற்கிறார்கள் என்பதால், இங்கே சொல்லப்படுபவை அந்த வகைத் தொகுப்புகள் அனைத்துக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழகான பூச்செடிகள் வேண்டும் என்பவருக்கு இது நியாயமான விலைதான், ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் வந்து போவதோடு நில்லாமல் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்று எண்ணுபவருக்கு, இப்போதுள்ள வடிவில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வந்த பெட்டியில் ஆறு கன்றுகள் இருந்தன: பென்டாஸ், குட்டை இட்லிப்பூ, படரும் வகை உண்ணிச்செடி, நித்தியகல்யாணி, செம்பருத்தி, கறிவேப்பிலை. அவற்றுடன் ஜீனியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, சூரியகாந்தி ஆகியவற்றின் விதைப் பொட்டலங்கள், சர்க்கரைக் கரைசல் ஊற்றிவைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு, நீள்வாக்கில் துளைகள் போடப்பட்ட ஒரு மரக்கூடு, ஒரு வழிகாட்டித் தாள், ‘செடிப் பாதுகாப்பு மருந்து’ என்று எழுதிய ஒரு சிறு புட்டி. கட்டி அனுப்பிய விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தொட்டி மண் சிந்தாமல் சணல் துணியால் கட்டப்பட்டிருந்தது. கன்றுகளில் ஒன்றுகூட வாடவில்லை. விதைகள் நன்றாக முளைத்தன.

பூச்செடிகளின் தரத்தைப் பொறுத்தவரை பாராட்டத்தான் வேண்டும். பென்டாஸ் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்த செடி என்றாலும், அதன் சின்னஞ்சிறு குழல்பூக்களில் தேன் தடையின்றிக் கிடைக்கிறது; காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அதைத் தேடி வராத வண்ணத்துப்பூச்சி குறைவு. இட்லிப்பூ நம் மண்ணுக்கே உரியது. அதன் நீண்ட குழலின் அடியில் இருக்கும் தேனை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அழகி இனத்து வண்ணத்துப்பூச்சிகளே எளிதாக எட்டுகின்றன என்பதால், பெரிய சிறகுகளைக் காண விரும்புவோர் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். ஜீனியாவும் காஸ்மாஸும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை. ஒற்றை அடுக்கு வகையாக இருந்தால் நல்ல பயன் தரும். செண்டுமல்லி விதைகள் மட்டும் இதழ்கள் அடுக்கடுக்காய் நெருங்கிய பூக்களைத் தந்தன. மாலை கட்ட அவை உகந்தவை, ஆனால் அந்த நெருக்கத்துக்குள் பூச்சியால் தேனை எட்ட முடிவதில்லை.

உண்ணிச்செடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த இனத்தின் புதர்வகை, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுத்தரையை மூடிக்கொண்டு, புல்லையும் நாட்டுச் செடிகளையும் எழவிடாமல் செய்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் அதன் பூவில் தேன் குடிப்பது உண்மையே. ஆனால் அவற்றின் புழுக்கள் உண்ணும் செடிகள் முளைக்க வேண்டிய இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. படரும் வகை புதர்வகை அளவுக்குப் பரவுவதில்லை என்று விற்பனையாளர்கள் கூறுவது ஓரளவு சரிதான். ஆயினும் வனத்துறை பெருஞ்செலவில் வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு செடியின் உறவினத்தை, இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் வீடுவீடாக அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடத்துக்கு நம் ஊர்ச் செடிகள் எத்தனையோ இருக்கின்றன.

தொகுப்பின் அடிப்படைக் குறை வேறொன்று. வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் வேண்டும். அது எந்தப் பூவிலிருந்து கிடைத்தாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். புழுவின் நிலை அப்படியல்ல. ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில தாவரங்களின் இலையை மட்டுமே தின்று வளரும். அந்த இலை கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறொன்றைத் தொடாது. வெந்தய வரியனுக்கு எருக்கு, ஆமணக்குச் சிறகனுக்கு ஆமணக்கும் செந்தட்டியும், கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை, ரோஜா அழகிக்கு ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும், வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, நன்னாரி, அத்தி இனத்து மரங்கள் என்று இந்த உறவு நெடுங்காலமாக அமைந்துவிட்டது. தாய்ப்பூச்சி இலைமீது வந்தமர்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டி, அவற்றில் உள்ள சுவை உணரும் உறுப்புகளால் ‘இதுதான்’ என்று உறுதி செய்துகொண்ட பிறகே முட்டையிடுகிறது. பெட்டியில் வந்த செடிகளில் அவ்வாறு முட்டையிட உகந்தது என்று நான் எண்ணியது கறிவேப்பிலை ஒன்றைத்தான். அதுவும் வழிகாட்டித் தாளில் சமையலுக்குப் பயன்படும் செடியாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. வண்ணத்துப்பூச்சிக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கறிவேப்பிலைக் கன்றில் நடந்தவைதான் இந்தத் தொகுப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன். கறிவேப்பிலை அழகி தளிர் இலையின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில், கடுகைவிடச் சிறியதாக, ஒவ்வொன்றாக முட்டையிட்டுச் சென்றது. சில நாள்களில் வெளிவந்த புழு, பறவை எச்சத்தைப் போலவே கரும்பழுப்பும் வெள்ளையுமாய் இலையின் நடுவில் அசையாமல் கிடந்தது. எச்சத்தை எந்தப் பறவையும் கொத்துவதில்லை என்பதால் அந்தத் தோற்றமே அதற்குக் காப்பு. ஐந்தாம் பருவத்துக்குத் தோல் உரித்ததும் அதே புழு இலைப்பச்சையாகி, பக்கவாட்டில் பழுப்புப் பட்டைகளோடு முற்றிலும் வேறொன்றாக மாறியது. ஈர்க்கால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகப் பிரிந்த சிவந்த உறுப்பு ஒன்றை நீட்டி, எலுமிச்சை கெட்டுப்போனது போன்ற காரமான வாடையை வீசும். பிறகு தண்டில் பட்டிழை ஒன்றைக் கச்சைபோல் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்று கூட்டுப்புழுவானது. முட்டையிலிருந்து சிறகு விரியும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். இதற்குள் கன்றின் பாதி இலைகள் காலியாகிவிட்டன. அந்த இலைகள் ரசத்துக்குப் போகவில்லையே என்று வருந்துபவர்கள் இரண்டு கன்றுகளாக வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. கன்று வந்த புதிதில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து பொரித்த புழுக்கள் இரண்டாம் பருவத்தைத் தாண்டாமல் சுருண்டு விழுந்தன. பழைய இலைகள் உதிர்ந்து புதுத் தளிர்கள் விட்ட பிறகு வந்த புழுக்களே முழுமையாக வளர்ந்தன. வணிக நாற்றங்கால்களில் கன்றுகள் பூச்சி அரிக்காமல் பார்வைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, செடியின் உடலெங்கும் ஊடுருவிப் பரவும் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். எனவே எந்த நாற்றங்காலிலிருந்து வாங்கினாலும், இலையில் ஒரு கடிகூட இல்லாத கன்றைத் தேடிப் பிடிப்பதை விடுத்து, சற்று அரிபட்ட இலை உள்ள கன்றையே எடுப்பது என் வழக்கமாகிவிட்டது. புழு தின்று உயிர் வாழ்ந்த இலை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

அந்தச் சிறு புட்டிக்கு வருகிறேன். அதன் பக்கவாட்டில் மிகப் பொடியான எழுத்தில் ‘ஐமிடாகுளோபிரிட் 17.8 சதவீதம்’ என்று அச்சிட்டிருந்தது. வழிகாட்டித் தாளின் நான்காம் பத்தியோ, ‘இலைகளில் புழுக்கள் தென்பட்டால் லிட்டருக்குச் சில துளிகள் கலந்து மாலையில் தெளிக்கவும்’ என்கிறது. வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்கும் தொகுப்பில், வண்ணத்துப்பூச்சியாக மாறவிருக்கும் புழுவைக் கொல்லும் நஞ்சும் அதைத் தெளிக்கும் முறையும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஐமிடாகுளோபிரிட் அடிப்படையில் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. ஆனால் வேரிலோ இலையிலோ பட்டதும் செடி முழுவதும் பரவி, மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடுவது அதன் இயல்பு. தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதன் உறவு மருந்துகள் இரண்டையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. பென்டாஸ் பூவுக்கு அழைத்துவிட்டு அந்தப் பூவின் தேனிலேயே இந்த மருந்தைக் கலப்பதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. புட்டியைத் திறக்காமலே எடுத்து வைத்துவிட்டேன்.

‘இயற்கை மருந்துதான்’ என்று விற்கப்படுபவற்றிலும் கவனம் வேண்டும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரைக் கொண்ட தூள் புழுக்களின் குடலைத்தான் தாக்குகிறது. அதற்குக் காய்ப்புழுவும் தெரியாது, கறிவேப்பிலை அழகியின் புழுவும் தெரியாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் புழு தோல் உரிப்பதைக் கெடுக்கும். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைப்பதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், மிகவும் பாதித்த கிளையை வெட்டி எறிவதும் ஒரு மாடித்தோட்டத்துக்குப் போதும்.

புழுக்களைக் காப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் இடும் முட்டைகளில் சிறகு விரிப்பவை சொற்பமே. மற்றவை அனைத்தும் பிற உயிர்களின் உணவாகின்றன, அந்த உணவாதலில்தான் வண்ணத்துப்பூச்சியின் சூழலியல் பங்கு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இலையில் உள்ள சத்தைப் பறவைக்குஞ்சின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பதில் புழுவுக்கு இணையானது எதுவுமில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு மென்மையான பூச்சி புழுக்களையே ஊட்டி வளர்க்கிறது. எங்கள் மாடிக்கு வரும் தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் கறிவேப்பிலைக் கன்றை நாள்தோறும் சோதனையிட்டே செல்கின்றன. முட்டைகளுக்குள் தன் முட்டையை வைக்கும் நுண்குளவிகளும் இந்தச் சங்கிலியில் உண்டு. கரும்பில் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்துவதற்காக நம் விவசாயிகள் அட்டைகளில் ஒட்டிக் கட்டும் டிரைக்கோகிராமா குளவிகள் அந்த வகையைச் சேர்ந்தவையே. வயலில் பயிர்ப்பூச்சி இல்லாத நாள்களில் இத்தகைய குளவிகள் தாக்குப்பிடிக்க, வரப்புச் செடிகளில் ஏதேனும் ஒரு முட்டை இருந்தாக வேண்டும்.

மகரந்தச் சேர்க்கையில் தேனீயின் வேகமும் அளவும் வண்ணத்துப்பூச்சிக்கு இல்லை. உடலில் முடி குறைவு; மகரந்தத்தைத் தேடிச் சேகரிப்பதும் இல்லை. ஆனால் அது நெடுந்தொலைவு பறக்கிறது. தனித்தனியே சிதறி நிற்கும் செடிகளுக்கிடையே மகரந்தத்தைக் கொண்டு போகிறது. சில பூக்கள் அதன் சிறகுக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில், இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருக்க, மகரந்தத்தாள்களும் சூல்தண்டும் பக்கவாட்டில் நீண்டு நிற்கின்றன. தேனுக்காக வரும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் சிறகு அவற்றில் உரசாமல் இருப்பது அரிது. அதே செடியைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், விதைக்காகப் பந்தலிட்டுப் பயிரிடும் ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில், இயற்கையாக நடக்கும் சேர்க்கை போதாமல், காலை வேளையில் ஆள்களை வைத்துப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். சிறகு செய்யும் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும்.

இன்னும் நுட்பமான ஓர் உறவும் இந்தக் கறிவேப்பிலை அழகியில் இருக்கிறது. அதன் பெண்பூச்சிகள் எல்லாம் ஒரே உருவில் இருப்பதில்லை. சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, ஈஸ்வரமூலி தின்று வளர்ந்ததால் உடலில் நஞ்சேறிய ரோஜா அழகியைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு பிறக்கும். நஞ்சுள்ளது என்று எண்ணிப் பறவைகள் அவற்றையும் விட்டுவிடுகின்றன. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் எழுதிய இந்த வேடத்தின் பின்னணியில் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இருப்பதைப் பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். இந்த வேடம் பலிக்க வேண்டுமானால் அதே வட்டாரத்தில் உண்மையான ரோஜா அழகி பறந்துகொண்டிருக்க வேண்டும். அது பறக்க, வேலியோரத்தில் ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருக்க வேண்டும். கம்பிவேலிக்கு மாறியபோது நாம் வெட்டி எறிந்த உயிர்வேலியில் இருந்தது அந்தக் கொடிதான். கறிவேப்பிலை வைத்திருக்கும் வீட்டுக்கு வரும் பூச்சியின் பாதுகாப்பு, தெருவின் மறுமுனையில் உள்ள ஒரு கொடியைச் சார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால், செடித்தேர்வு எத்தனை பொறுப்பான வேலை என்பது விளங்கும்.

பிளாஸ்டிக் தட்டு தேவையில்லாதது. சர்க்கரைக் கரைசலுக்கு எறும்பும் ஈயும் வந்தன. அதைவிட, ஒரு மண் சட்டியில் ஆற்று மணலும் கொஞ்சம் தோட்டத்து மண்ணும் போட்டு ஈரமாக வைத்தால், ஆண்பூச்சிகள் வந்தமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும். அந்த உப்பு இணைசேரும்போது பெண்ணுக்குச் சென்று முட்டைகளுக்குப் பயன்படுகிறது. மரக்கூடு ஒரு அலங்காரப் பொருள். நம் வண்ணத்துப்பூச்சிகள் இரவில் இலையின் அடியிலும் புல்லின் தண்டிலும் தொங்கி உறங்குகின்றன. மாடியில் நான் மாட்டிவைத்த கூட்டில் பல்லிதான் குடியேறியது.

இதே பணத்துக்கு என்ன வாங்கியிருக்கலாம்? பெட்டியில் இருந்தவற்றில் இட்லிப்பூ, பென்டாஸ், கறிவேப்பிலை மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் இடத்தில் பின்வருவனவற்றைச் சேர்க்கலாம். நாட்டு எலுமிச்சை அல்லது வில்வக் கன்று ஒன்று இருந்தால் எலுமிச்சை அழகி வரும். பெரிய தொட்டியில் எருக்கு வளரும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் வேறு பராமரிப்பே வேண்டாம், ஊரில் எந்தத் தரிசிலிருந்தும் விதை எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்வரமூலியை மூலிகைச் செடி விற்பவர்களிடம் கருடக்கொடி என்று கேட்டாலும் தருவார்கள். ஒரே கொடியை ரோஜா அழகியின் புழுக்கள் தண்டு வரை தின்றுவிடும் என்பதால் குறைந்தது மூன்று கொடிகளாவது வேண்டும். அதை மருந்தென்று எண்ணி யாரும் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். இதே இனத்தில், பெரிய விசித்திரமான பூவுக்காக விற்கப்படும் தென் அமெரிக்கக் கொடியை மாற்றாக வாங்கிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி அந்தக் கொடியை உண்மையான உணவுக்கொடி என்று நம்பி முட்டையிட, பொரித்த புழுக்கள் அதைத் தின்று மடிந்தன. அந்த இனம் அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால், அங்கே மக்கள் அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு நாட்டுக்கொடியை நட்டு வருகிறார்கள்.

கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் நான் குறிப்பாகச் சொல்வேன். வரியன்களிலும் கருப்பன்களிலும் ஆண்பூச்சிகள் இச்செடிகளின் வாடிய பகுதிகளைச் சுரண்டி ஒருவகைக் காரப்பொருளை (ஆல்கலாய்டை) உறிஞ்சிச் சேகரிக்கின்றன. பெண்ணை ஈர்க்கும் மணம் அதிலிருந்துதான் உருவாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே பருவமழையை ஒட்டி ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும் பூச்சிகள் இவையே. வழியில் ஒரு மாடியில் ஒரு கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நின்றாலும் அவை இறங்கிவரும். எங்கள் செடியில் ஒரே கிளையில் சிறகோடு சிறகு ஒட்டி அமர்ந்திருந்த நீல வரியன்களை எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

செலவே இல்லாதவையும் உண்டு. தொட்டியில் தானாக முளைக்கும் புளியாரையைக் களை என்று பிடுங்காமல் விட்டால் விரல்நகம் அளவே உள்ள சிறு நீலன்கள் அதில் வளரும். பருப்புக்கீரையில் முட்டையிடும் ஓர் இனத்தின் பெண், அச்சு அசலாக வெந்தய வரியனைப் போல் இருக்கும். சுவரோரத்துப் புல், வேலியில் படரும் சிறுபூனைக்காலி, ஊசித்தகரை என்று எதற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. தொகுப்பின் வழிகாட்டித் தாள் ‘வாரந்தோறும் களை எடுத்துத் தூய்மையாக வைக்கவும்’ என்று அறிவுறுத்துகிறது. அதற்கு நேர்மாறாக, ஒரு மூலையையாவது கைபடாமல் விட்டுவைக்கும்படி நான் சொல்வேன்.

அந்த வழிகாட்டித் தாளின் அட்டையில் இருப்பது வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் படம். உள்ளேயும் நம் ஊர் இனம் ஒன்றின் பெயர்கூட இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் 320க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தமிழ் மறவன் 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஒரு பிள்ளை தன் வீட்டுச் செடியில் கண்ட பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்ளக்கூட இந்தத் தாள் உதவாது. குழந்தைகளோடு இதைத் தொடங்க நினைப்பவர்கள் பெட்டி வாங்கும் முன், திருவரங்கத்தை அடுத்த மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறை 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது. ஏறத்தாழ 25 ஏக்கரில், புழுவுக்கான செடியும் பூச்சிக்கான செடியும் சேர்த்து வளர்க்கப்பட்டிருக்கும் அந்த வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. எந்தச் செடியில் எது அமர்கிறது என்பதை அங்கே நேரில் பார்த்துவிட்டு வந்தால் நாற்றங்காலில் என்ன கேட்பது என்ற குழப்பம் இருக்காது. காலை வெயில் ஏறும் நேரமே அதற்கு உகந்தது.

பார்ப்பதைப் பதிவு செய்யும் பழக்கத்தையும் வழிகாட்டித் தாள் ஊக்குவித்திருக்கலாம். வண்ணத்துப்பூச்சிகள் சூழல் மாற்றத்துக்கு விரைந்து ஆளாகும் உயிர்கள் என்பதால், அவற்றின் கணக்கு மற்றப் பூச்சிகளின் நிலைக்கும் ஓர் அளவுகோலாகிறது. பிரிட்டனில் தன்னார்வலர்கள் 1976 முதல் ஒரே பாதைகளில் நடந்து எண்ணி வருகிறார்கள். அமெரிக்காவில் அத்தகைய கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஆய்வு, 2000க்கும் 2020க்கும் இடையே அந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டியது. இந்தியாவில் 2020 முதல் செப்டம்பர் மாதத்தை வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டு பல அமைப்புகள் பொதுமக்களின் பதிவுகளைத் திரட்டுகின்றன. அந்த நீண்ட கணக்கு நமக்கும் வேண்டுமானால் மாடித்தோட்டத்துப் படமும் தேதியும் அதில் சேர வேண்டும்.

விற்பனையாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பூச்சிமருந்துப் புட்டியை நீக்க வேண்டும், உண்ணிச்செடிக்குப் பதில் ஈஸ்வரமூலியோ எருக்கோ சேர்க்க வேண்டும், தாளில் நம் ஊர்ப் பூச்சிகளின் படங்கள் வேண்டும் என்று மூன்று வேண்டுகோள்கள். மறுமொழி மரியாதையாகவும் விரைவாகவும் வந்தது; ஆனால் ‘புழு அரித்த செடியைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்’ என்பதே அதன் சாரம். அவர்கள் பக்கத்தில் உண்மை இருக்கிறது. வாங்குபவர்களாகிய நாம், ஓட்டை விழுந்த இலையைக் குறையாகக் காணும் வரை நஞ்சில்லாத கன்றுகளை விற்க எந்த நாற்றங்காலும் துணியாது. அதனால் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் எங்கே செடி வாங்கினாலும், ‘மருந்து தெளித்ததா, எப்போது தெளித்தது’ என்று கேட்டு, தெளிக்காத கன்றையே வாங்கும்படி வேண்டுகிறேன்.

செடிகளின் தரத்துக்கும் கட்டி அனுப்பிய விதத்துக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்ற பெயருக்கு ஒன்றுக்கு மேல் தர இயலாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம்: புட்டியை ஒதுக்கிவிட்டு, உண்ணிச்செடியை அகற்றிவிட்டு, மேலே சொன்ன கன்றுகளில் இரண்டை மட்டும் சேர்த்தாலே தொகுப்பு பயனுள்ளதாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் புரட்டாசியில் கன்று வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்து, தையில் வெயில் திரும்பும்போது முட்டையிடத் தக்க தளிர்கள் தயாராக இருக்கும். கடையில் வாங்கிய கன்றாக இருந்தால், பழைய இலைகளைக் கிள்ளிவிட்டுப் புதுத் தளிர் விடும் வரை அதை ஒரு கொசுவலையால் மூடி வைத்திருங்கள்.